மேசை கிடைத்துவிட்டது, அப்புறம்?

தன்னார்வலர்களாகச் சேர்ந்து திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுகிற மென்பொருள்) எழுதும் வாசகர்கள் சிலர், வணிகக் கண்காட்சியில் அரங்கு போடுவது பற்றி ஒரே சமயத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், சிறு நிறுவனங்களுக்கான சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு பெரிய வணிகக் கண்காட்சியின் அமைப்பாளர்கள் மூலையில் ஒரு மேசை இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். மூன்று மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேனரிலிருந்து தொடங்காதீர்கள். இந்நேரம் உங்கள் குழுவில் டி-ஷர்ட் நிறம் பற்றி விவாதம் ஆரம்பித்திருக்கும், அதையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, கண்காட்சி முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பது. புதிய பயனர்களா, நிரல் எழுத ஆட்களா, உங்கள் மென்பொருளைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நிறுவிக் கொடுக்கக்கூடிய சேவை நிறுவனங்களா, நன்கொடையா? நான்கும் வேண்டும் என்றுதான் எல்லாக் குழுக்களும் சொல்லும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் யார் நிற்பது, எதைக் காட்டுவது, துண்டறிக்கையில் முதல் வரி என்ன என்பதெல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் வரும்.

வணிகக் கண்காட்சிக்கு வருகிறவர் வேறு ஆள் என்பதை மறந்துவிடுகிறோம். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் ஃபாஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாடு நடக்கிறது. நுழைவுக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது, திட்டங்களுக்கு மேசை தருகிறார்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதுகிறவர்கள் அல்லது அதன் பக்கத்திலேயே வாழ்கிறவர்கள். அங்கே ‘எந்த மொழியில் எழுதியிருக்கிறீர்கள்’ என்பதுதான் முதல் கேள்வி. வணிகக் கண்காட்சியில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வருகிறவர் அலுவலகச் செலவில், ஒரு நாளில் நாற்பது அரங்குகளைப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் வருகிறார். அவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இப்போது இதை யார் பயன்படுத்துகிறார்கள், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது, என் பழைய கணக்குகளை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது. இந்த மூன்றுக்கும் தலா இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல உங்கள் குழுவில் எல்லோருக்கும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மூன்று மாதத்தில் பாதி அதற்கே போகட்டும்.

அப்புறம் அந்த ‘இலவசம்’. மேசை இலவசமாக இருக்கலாம், மின்சாரம், இணையம், நாற்காலி, சரக்கை உள்ளே கொண்டுபோகும் கூலி எல்லாம் பெரும்பாலும் தனி. அமைப்பாளர்கள் கண்காட்சியாளர் கையேடு என்று ஒன்று அனுப்புவார்கள். நீளமாக, அலுப்பூட்டுவதாக இருக்கும், ஆனால் யாராவது ஒருவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தே ஆக வேண்டும். எந்தத் தேதிக்குள் எதைக் கேட்க வேண்டும், தாமதமானால் கட்டணம் எவ்வளவு கூடும், இரவில் மின்சாரத்தை நிறுத்துவார்களா, காப்பீடு கட்டாயமா, சாமான் எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்கு உள்ளே போக வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் இடத்தில் யார் பெயர் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பதிவு செய்யப்படாத குழுவுக்குச் சட்டத்தின் கண்ணில் பெயர் கிடையாது, கையெழுத்துப் போட்ட தனிநபர் தலையில்தான் பொறுப்பு விழும். 1997-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட், 2006-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற குடை அமைப்புகள் இருப்பது இந்த மாதிரிச் சங்கடங்களுக்காகவும்தான். திட்டங்களின் சார்பில் பணம் வாங்குவார்கள், சொத்து வைத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் சேர்ந்துவிட முடியாது. இந்த முறைக்கு, கையெழுத்துப் போடுகிறவர் அதன் பொருள் தெரிந்து போடட்டும், செலவைக் குழு பங்குபோட்டுக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை பேர் போக வேண்டும்? எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆசை.

பதில்: ஆசைப்படட்டும், ஆனால் மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் போதும், மூன்றாமவர் கூப்பிடு தூரத்தில். ஐந்து பேர் நின்றால் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நடைபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இணையத்தில் மட்டுமே பழகியவர்கள் முதன்முறையாக நேரில் பார்த்துக்கொள்கிற இடமாக இருந்தால் இது கண்டிப்பாக நடக்கும். அதில் தப்பில்லை, அதற்கு மாலையில் ஒரு சந்திப்பு வைத்துக்கொள்ளுங்கள், மேசையை விட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். நாள் முழுக்க நின்று, ஒரே பதிலை நூறு தடவை சொன்னவர் மாலையில் யார் வந்தாலும் எரிந்து விழுவார், அது அவர் குற்றமில்லை. அட்டவணையில் எல்லோரும் விட்டுவிடுகிற இரண்டு நாட்கள் உண்டு: அரங்கை அமைக்கும் நாள், பிரிக்கும் நாள். தொடக்க விழாவுக்கு விடுப்பு எடுத்து வருகிறவர்கள் பெட்டி கட்டும் நேரத்தில் ரயிலைப் பிடிக்கப் போயிருப்பார்கள். கடைசி நாள் நேரம் முடிவதற்கு முன்னால் அரங்கைக் கலைக்கக்கூடாது என்று பல அமைப்பாளர்கள் விதி வைத்திருக்கிறார்கள், அதனால் கடைசிவரை இருக்கப்போகிறவர் யார் என்பது பெயரோடு தெரிந்திருக்க வேண்டும்.

நிரலாளர்களை மட்டும் அனுப்பாதீர்கள். கையேடு எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், இணைய மன்றத்தில் புதியவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர், இவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் நன்றாகப் பேசுவார்கள், ஏனென்றால் மென்பொருளை வெளியிலிருந்து பார்த்துப் பழகியவர்கள். உங்கள் மென்பொருளை வைத்து உண்மையாகவே கணக்கு பார்க்கிற ஒரு பயனர் அரை நாள் வந்து நிற்கச் சம்மதித்தால், மற்றவர்கள் ஒதுங்கி அவருக்கு இடம் கொடுங்கள். பயணச் செலவு யாருக்கு, எதுவரை என்பதைப் பட்டியல் போடும் முன்பே பேசிவிடுங்கள், பின்னால் பேசினால் நட்பு கெடும்.

கேள்வி: டெமோ எப்படி அமைப்பது? எங்கள் மென்பொருள் சேவையகத்தில் ஓடுவது, உலாவியில் திறப்பது. அரங்கில் வைஃபை தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தருவார்கள், முதல் நாள் காலை பத்து மணிவரை அது வேலையும் செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. அந்த மூன்றில் கண்காட்சியின் ரவுட்டர்கள், அரங்குகள் தாங்களே கொண்டுவந்த ரவுட்டர்கள், ஆயிரக்கணக்கான கைபேசிகளின் ஹாட்ஸ்பாட்டுகள், புளூடூத் எல்லாம் நெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் கூடுதல், ஆனாலும் நம்பி உட்காராதீர்கள். சேவையகத்தையும் உலாவியையும் ஒரே லேப்டாப்பில் வையுங்கள், அல்லது இரண்டு லேப்டாப்பைக் கேபிளால் இணையுங்கள். இணையமே இல்லாமல் எல்லாம் ஓடுகிறதா என்று வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முழு மாலை சோதித்துப் பாருங்கள். வெளியிலிருந்து எழுத்துருவையோ வரைபடத்தையோ இழுத்துக்கொண்டிருக்கும் பக்கம் எது என்று அப்போதுதான் தெரியும்.

போன வாரம் வந்த புதிய வசதியைக் காட்ட வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிப்பார். கேட்காதீர்கள். வெளியிட்ட நிலையான பதிப்பைத்தான் காட்ட வேண்டும், பார்த்துவிட்டுப் போகிறவர் வீட்டில் இறக்கிப் பார்க்கப்போவது அதைத்தான். மாதிரித் தரவு முழுக்கக் கற்பனையாக இருக்கட்டும், ஆனால் நம்பும்படி இருக்கட்டும். ‘சோதனை1’, ‘சோதனை2’ என்று பொருட்பெயர் வைத்த சரக்குப் பட்டியலைப் பார்த்து யாருக்கும் தன் கிடங்கு நினைவுக்கு வராது. உண்மையான பயனரின் தரவை, பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துக்கூடக் கொண்டுபோகாதீர்கள். மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்து, தொடக்க நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துக்கொண்டால், ஒருவர் எல்லாவற்றையும் தட்டிக் கலைத்துவிட்டுப் போனதும் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியும் அளவுக்கு. திரை அணைவது, தானாகப் புதுப்பித்துக்கொள்வது, அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் செய்தி டெமோ நடுவில் எட்டிப் பார்ப்பது அரங்குக்கு அரங்கு நடக்கிற கூத்து. லேப்டாப்பை மேசையோடு பூட்டும் கம்பி ஒன்று, மாற்று லேப்டாப் ஒன்று. தொடர்ந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு கதை, உதாரணமாக ஒரு பொருள் உள்ளே வருகிறது, விற்கிறது, இருப்பு குறைகிறது, எச்சரிக்கை வருகிறது, அவ்வளவுதான். மீதியைக் கேட்டால் காட்டலாம்.

கேள்வி: பேனரில் எங்கள் மென்பொருளின் இருபத்திரண்டு வசதிகளையும் போட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். சரியா?

பதில்: இல்லை. சுருட்டி விரிக்கும் பேனர் வழக்கமாக 85 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கீழ்ப்பாதியை மேசையும் நாற்காலியும் நீங்களும் மறைத்துவிடுவீர்கள். மிஞ்சும் மேல்பாதியில் பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு வரி, இலச்சினை. ‘திறந்த மூல’ என்பது இரண்டாவது வரியாக வரட்டும், முதல் வரியாக வேண்டாம். நடந்து போகிறவர் தேடுவது சரக்குக் கணக்கை, உரிமத்தை அல்ல. இருபத்திரண்டையும் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் போட்டு நண்பரைச் சமாதானப்படுத்துங்கள்.

இலச்சினை வெக்டர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவம்) இருக்க வேண்டும், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்ததாக இருந்தால் கவலையில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே உள்ள கணினியில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தமிழ் சிதறிக் கிடக்கும். திரையில் பளபளக்கிற பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும், மாதிரி ஒன்று கேட்டு வாங்கிப் பாருங்கள். க்யூஆர் கோடு போடுவதானால், ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுக்க பத்து சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். அது உங்கள் சொந்தத் தளத்தில் உள்ள ஒரு குட்டி முகவரிக்குப் போகட்டும், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் திருப்பிவிடலாம், அச்சடித்த பிறகும்.

கேள்வி: பென் டிரைவில் மென்பொருளைப் போட்டு இலவசமாகக் கொடுக்கலாமா? எங்கள் உரிமம் ஜிபிஎல், அதாவது மாற்றிப் பகிர்கிறவரும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிற திறந்த மூல உரிமம்.

பதில்: கொடுக்கலாம், ஆனால் இலவசமாகக் கொடுப்பதாலேயே உரிமத்தின் நிபந்தனைகள் விலகிவிடாது. இயங்கும் வடிவில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்தால் அதற்குரிய மூல நிரலும், அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவமும், கிடைக்க வழி செய்ய வேண்டும். 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி மூல நிரலைக் கூடவே கொடுக்கலாம், அல்லது குறைந்தது மூன்று ஆண்டு செல்லக்கூடிய எழுத்து உறுதியைக் கூட வைக்கலாம். 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே மூன்று ஆண்டுக் கணக்கு உண்டு, அதோடு இணையம் வழியாகத் தருவதாக எழுதிக் கொடுப்பதையும் அது ஏற்கிறது. உங்கள் சொந்த நிரல் மட்டும் என்றால் நீங்களே உரிமையாளர்கள், பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அந்த டிரைவில் லினக்ஸ் விநியோகம் (இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பு) ஒன்றையும், மற்றவர்கள் எழுதிய நூலகங்களையும் சேர்த்துப் போடுவீர்கள், அங்கேதான் கடன் ஏறுகிறது. மூன்று ஆண்டு யார் நினைவு வைத்திருப்பது? மூல நிரல் முழுவதையும் அதே டிரைவில் போட்டுவிடுங்கள், விஷயம் அன்றோடு முடிந்தது. மற்றவர்களின் பெயரும் இலச்சினையும் தனிச் சங்கதி, அவற்றுக்கு வணிகக்குறி விதிகள் உண்டு. லினக்ஸ் விநியோகமான டெபியனும், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவும் ‘ஃபயர்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் ஒத்துப்போகாமல், 2006-லிருந்து 2016 வரை டெபியனில் அந்த உலாவி ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில்தான் ஓடியது.

இதையெல்லாம் சொன்ன பிறகு என் யோசனை: டிரைவே வேண்டாம். கண்காட்சியில் வாங்கிய டிரைவை அலுவலகக் கணினியில் செருகக்கூடாது என்று பல நிறுவனங்கள் தடை போட்டிருக்கின்றன, சரியாகவே போட்டிருக்கின்றன.

கேள்வி: ‘இலவசம் என்றால் நாளைக்கு நீங்கள் காணாமல் போய்விட்டால்?’ என்று கேட்கிறார்கள். போட்டி நிறுவனத்துக்காரர்களே வந்து எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: கோபப்படாமல் சொல்வது. அது நியாயமான கேள்வி, போட்டியாளர் கேட்டாலும் நியாயமானதுதான். ‘நாங்கள் காணாமல் போகலாம், நிறுவனங்களும் காணாமல் போகின்றன, நிரலும் உங்கள் தரவும் உங்களிடமே இருக்கும், வேறொருவர் எடுத்து நடத்தலாம்’ என்பது நேர்மையான பதில். அதற்கு உதாரணம் கைவசம் இருக்கட்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடியபோது, 2002-இல் பயனர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ திரட்டி மூல நிரலை விடுவித்தார்கள், இன்றைக்கும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்திய சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-இலேயே அந்த மென்பொருள் சமூகத்தின் பெரும்பகுதி பிரிந்துபோய் லிப்ரேஆபிஸைத் தொடங்கியது. பயனர்களின் கோப்புகள் அப்படியே திறந்தன.

ஆனால் இந்த உதாரணங்கள் பாதி பதில்தான், ஏனென்றால் பிளெண்டர் அளவுக்கு உங்களுக்குக் கூட்டம் கிடையாது, கேட்கிறவருக்கும் அது தெரியும். மீதிப் பாதி இதுதான்: தரவை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும்படி ஏற்றுமதி செய்வது எப்படி என்று அங்கேயே திரையில் காட்டுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தருகிற சிறு நிறுவனம் ஒன்றோ இரண்டோ இருந்தால் அவர்களின் பெயரை அச்சிட்டு வையுங்கள். யாருமே இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், ‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்யாத வசதியை ‘அடுத்த பதிப்பில் வரும்’ என்று சொல்வதும் வேண்டாம், வாக்குக் கொடுத்தவர் ஒருவர், அதை எழுத வேண்டியவர் இன்னொருவர், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். போட்டி மென்பொருளைக் குறை சொல்லாமல் இருந்தால் போதும், பாதி மரியாதை அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: வருகிறவர்களின் மின்னஞ்சலைக் குறித்துக்கொள்ள மேசையில் ஒரு நோட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். திறந்து கிடக்கும் நோட்டில் முன்னால் எழுதியவர்களின் பெயரும் எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, மற்ற நாடுகளிலும் இந்த வகைச் சட்டங்கள் வந்துவிட்டன, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இது அழகில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு போதும். பெயர், மின்னஞ்சல், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே நீங்கள் எழுத வேண்டியதுதான் முக்கியம்: இவருக்கு என்ன சொல்லியிருக்கிறோம்? ‘பார்கோடு பற்றிக் கேட்டார், கையேடு அனுப்புவதாகச் சொன்னேன்’ என்று. சீட்டுகளைத் தினமும் மாலையில் எண்ணி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் கண்காட்சிக்கு முன்பே முடிவு செய்யுங்கள், அவருக்கு மேசையில் முறை போடாதீர்கள், பதிலாக அடுத்த வாரம் முழுக்க அவருக்கு மாலை நேரம் வேண்டும். ஒரு வாரத்துக்குள் பதில் போகவில்லை என்றால் மறந்துவிடுவார்கள், அரங்கு போட்டதும் போடாததும் ஒன்று. திட்டமிடலில் எனக்குப் பிடிவாதமான கருத்து இருக்கிற இடம் இது ஒன்றுதான். பேனர் இல்லாமல்கூடப் போகலாம், இந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் சாமான் கொண்டுபோவது பற்றி?

பதில்: திரும்பக் கொண்டுவரப்போகிற கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்று ஒரு சுங்க ஆவணம் உண்டு, 1961 உடன்படிக்கையின் கீழ் வருவது, அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடாக இருக்க வேண்டும். அள்ளிக் கொடுக்கும் ஸ்டிக்கரும் துண்டறிக்கையும் அதில் அடங்காது, அவற்றைப் போகிற ஊரிலேயே அச்சடிப்பது நல்லது. இரண்டு லேப்டாப்புக்காக இவ்வளவு தேவையா என்று விமானம் ஏறும் முன் அந்நாட்டுச் சுங்க விதியைப் பாருங்கள். பவர் பேங்குகள் கைப்பையில் மட்டும், பொதுவாக 100 வாட்-மணி வரை.

கேள்வி: முடிந்த பிறகு இது பிரயோஜனமாக இருந்ததா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தீர்ந்துபோன ஸ்டிக்கரை எண்ணாதீர்கள், ஸ்டிக்கர் எப்போதும் தீரும். முதலில் தீர்மானித்த அந்த ஒன்றை எடுங்கள். சேவை நிறுவனங்கள் வேண்டும் என்று போனீர்கள் என்றால், எத்தனை பேர் இரண்டாவது மின்னஞ்சலுக்கும் பதில் போட்டார்கள் என்று மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். இன்னொன்று, எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அன்றன்றே எழுதி, வழு (மென்பொருள் பிழை) பதியும் இடத்தில் தனி வகையாகப் போட்டுவையுங்கள். நிறுவுவது எங்கே சிரமம், எந்த வார்த்தை புரியவில்லை என்பதெல்லாம் மன்றத்துக்கு வந்து சொல்லாதவர்கள் அங்கே நேரில் வந்து சொல்லியிருப்பார்கள். அடுத்த பதிப்பில் அவற்றில் இரண்டு சரியானால்கூட விடுப்பு வீணாகவில்லை.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளிலேயே கையில் திணிப்பார்கள், சலுகை விலை என்பார்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுகளுக்கெல்லாம் பதில் போய் முடியும்வரை நிரப்ப வேண்டாம்.